"ரூம் கம்பெனி குடுக்குமா?"

அக்காவுக்கு ராஜகிரியவில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கணக்குப் பிரிவில். எங்க லயத்திலிருந்து கொழும்புக்குக் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனவர்கள் நிறைய. நியமனக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போற முதல் ஆள் அக்காதான். அன்றைக்கு ராத்திரி வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். எங்கே தங்குவது என்பதுதான் பேச்சு. மாமா கொட்டாஞ்சேனை என்றார். அக்காவோட கூட்டாளி வெள்ளவத்தைதான் நல்லது என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். அப்பா பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அப்பாயி கடைசியாகத்தான் வாயைத் திறந்துச்சு.

"ஏன் புள்ள, ரூம் கம்பெனி குடுக்குமா?"

நாங்க சிரிச்சிட்டோம். "இல்ல அப்பாயி, அது நாமதான் பார்த்துக்கணும்" என்று அக்கா சொன்னா. அப்பாயிக்கு அது விளங்கவே இல்லை. "வேலை குடுக்குறவன் காம்பரா குடுக்காம எப்படி? அப்ப அது என்னா வேலை?" என்று கேட்டுச்சு.

விடுமுறை முடிந்து பேராதனைக்குத் திரும்பி, பாடத்துக்காகத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றை வாசித்தபோதுதான் அந்தக் கேள்வி சிரிக்கிற கேள்வி இல்லை என்று உறைத்தது. வேலையும் வீடும் இரண்டு வேறு விஷயம் என்பது எங்கள் ஆட்களுக்கு ரொம்பப் பிந்தி வந்த செய்தி. வேலைக்காக ஊர் மாறும்போது எங்கே இருப்பது என்பதை நாமே தெரிவு செய்யலாம் என்பது அதைவிடப் புதுசு. ஊவாவிலிருந்து பார்த்தால் இந்தத் தெரிவு எப்படி இல்லாமல் போனது, எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று எழுதிப் பார்க்கிறேன்.

பத்துக்குப் பன்னிரண்டு

1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் ஆரம்பமானபோதே திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலைக்கு ஏறினார்கள். வழியில் இறந்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. 2023-ல் 'மலையகம் 200' நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, அந்தப் பாதைதான்.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் நிறையப் பேர் பருவத்துக்கு வந்து, அறுவடை முடிந்து ஊருக்குத் திரும்பிப் போனவர்கள். அவர்களுக்குத் தலைசாய்க்க ஒரு கொட்டில் போதும் என்று துரைமார் நினைத்தார்கள். 1869-ல் இலை நோய் வந்து கோப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-லேயே லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டிருந்தார். 1890-ல் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். கோப்பி மாதிரி இல்லை தேயிலை. வருஷம் முழுக்கக் கொழுந்து வரும், வருஷம் முழுக்க ஆள் வேணும். அதனால் குடும்பத்தோடு ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருந்தது. பருவத்துக்கு வந்த ஆளுக்குக் கட்டின கொட்டிலின் கணக்கிலேயே, நிரந்தரமாக இருக்கப்போகிற குடும்பத்துக்கும் லயம் கட்டினார்கள். பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. சில லயங்கள் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்கள். பின்பக்கம் ஜன்னல் வைக்கச் சுவரே இருக்காது, ஏனென்றால் அந்தச் சுவர்தான் அடுத்த குடும்பத்துக்கும் சுவர்.

எந்தக் காம்பராவில் இருப்பது என்பதைக் குடும்பம் தீர்மானிக்கவில்லை. எந்தப் பெரியகங்காணியோட ஆள், எந்த ஊர், எந்தச் சாதி என்பதை வைத்து லயம் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டது. அக்கம்பக்கத்தில் யார் இருப்பார் என்பதுகூட வருவதற்கு முன்பே முடிவாகிவிடும்.

ஊவாவுக்கு ஆட்கள் வந்த கதையில் ரயிலும் உண்டு. பாதை 1893-ல் ஹப்புத்தளைக்கும் 1894-ல் பண்டாரவளைக்கும் வந்துவிட்டது. அங்கிருந்து பதுளைக்கு வர இன்னும் முப்பது வருஷம் எடுத்தது. 1924-ல்தான் பதுளைக்கு ரயில் வந்தது. இன்றைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்து படம் எடுக்கிற ஒன்பது வளைவுப் பாலமும் தெமோதரைச் சுற்றுப் பாதையும் அந்த முப்பது வருஷத்து வேலை. அந்தப் பாதை தேயிலைப் பெட்டியைக் கொழும்புக்கு இறக்குவதற்குப் போட்டது. மலையிலிருந்து பிள்ளைகள் வேலை தேடி அதே பாதையில் இறங்குவார்கள் என்று போட்டவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

துண்டு

சரி, ஒரு தோட்டம் பிடிக்கவில்லை, அடுத்த தோட்டத்துக்குப் போகலாம் என்று ஒரு குடும்பம் அந்தக் காலத்தில் நினைத்திருந்தால்? இன்றைக்கு நாம் 'ரிலொகேட்' பண்ணுவது என்று சொல்கிறோமே, அதற்கு அன்றைக்கு ஒரு காகிதம் இருந்தது. பெயர் துண்டு.

ஆள் பிடிக்கக் கங்காணிக்குத் தோட்டம் முன்பணம் கொடுக்கும். 'கோஸ்ட் அட்வான்ஸ்' என்பது அதன் பெயர். கப்பல் கூலி, வழிச்சாப்பாடு, ஊரில் அடைத்த கடன் எல்லாம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும். அந்தக் கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. போக வேணுமென்றால், இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிறவர் இவர்களைக் கூட்டிப்போகலாம் என்று துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு துரைகளிடம் போவார். புதுத் தோட்டம் பழைய கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். கட்டின கடன் புதுக் கணக்கில் ஏறும். இடையில் கங்காணியின் பங்கும் சேரும். அதனால் தோட்டம் மாற மாறக் கடன் கூடும்.

இதில் ஊர் மாறியவர்கள் தொழிலாளர்கள். எங்கே போவது என்று தீர்மானித்தவர் கங்காணி. பணம் கைமாறியது துரைகளுக்கிடையில். ஒரு காலைப் பொழுதில் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு நாலு மலை தாண்டிப் போய், இன்னொரு லயத்தில் அதே பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் இறக்கிவைத்த குடும்பங்கள் எத்தனையோ. 1921-ல்தான் சட்டத்தால் துண்டு ஒழிந்தது.

அக்கா கொழும்பில் அறை எடுக்கும்போது வீட்டுக்காரர் அட்வான்ஸ் கேட்டார். அந்த ஒரு சொல் நூறு வருஷத்தில் எப்படித் திரும்பி நிற்கிறது பாருங்கள். அன்றைக்கு அட்வான்ஸ் வாங்கினதால் போக முடியவில்லை. இன்றைக்கு அட்வான்ஸ் கட்டினால்தான் போக முடியும்.

பேர் இருந்தால் காம்பரா

துண்டு போன பிறகும் ஒரு முடிச்சு அவிழவில்லை. செக்ரோலில் பேர் இருந்தால் காம்பரா உண்டு. பேர் வெட்டினால் காம்பராவும் இல்லை. 1927-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. கூலிக்கு ஒரு அடிமட்டம் வந்ததே தவிர, வீட்டுக்கு வரவில்லை.

இதனுடைய கனம் வேலைநிறுத்தக் காலங்களில்தான் தெரிந்தது. 1940-ல் மலையகம் முழுக்கத் தொழிற்சங்க அலை. ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்டார். அதே வருஷம் பதுளைக்குப் பக்கத்தில் வேவெஸ்ஸ தோட்டத்தில் சமசமாஜக் கட்சியைச் சேர்ந்த சங்கத்தின் கீழ் நடந்த வேலைநிறுத்தம் ஊவா வரலாற்றில் முக்கியமானது. எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. அந்தக் காலத்தில் வேலைநிறுத்தம் செய்கிற ஒரு தொழிலாளி ஒரு நாள் கூலியை மட்டும் பணயம் வைக்கவில்லை. பேர் வெட்டப்பட்டால் அன்றைக்கே பெண்சாதி பிள்ளைகளோடு தெருவுக்கு வர வேண்டும். பட்டணத்துத் தொழிலாளி சங்கம் சேர்ந்து வேலை போனால் வீட்டில் போய் உட்காரலாம். தோட்டத் தொழிலாளிக்கு அந்த வீடும் கூடவே போகும்.

1946-ல் கேகாலைப் பக்கம் உருளவள்ளித் தோட்டத்தில் இது பெரிய போராட்டமாக வெடித்தது. கிராம விஸ்தரிப்புக்கு என்று அரசாங்கம் தோட்டத்தை எடுத்தது. அங்கே இருந்த தொழிலாளர்களை வெளியேறச் சொன்னது. அவர்கள் போக மறுத்தார்கள். காட்டை வெட்டித் தோட்டமாக்கினவர்கள், அங்கேயே பிறந்தவர்கள், சட்டத்தின் கண்ணில் அத்துமீறிக் குடியிருக்கிறவர்கள் ஆனார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் அவர்களுக்காகத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் அறிவித்தது. சி.வி. வேலுப்பிள்ளை தன் நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயர் வைத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை என்று எனக்குத் தோன்றும்.

இருந்ததற்கு அத்தாட்சி

1948-ல் சுதந்திரம் கிடைத்த கையோடு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-ல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், பிரஜாவுரிமை வேண்டுமென்றால் இங்கே தொடர்ந்து இருந்ததை நிரூபிக்கச் சொன்னது. 1946 ஜனவரி 1க்கு முன்னால் கலியாணம் முடித்தவர் ஏழு வருஷம், முடிக்காதவர் பத்து வருஷம் இடைவிடாமல் இங்கே இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் இங்கே இருந்தீர்களா என்பதற்கு என்ன அத்தாட்சி காட்டுவது? வீட்டு உறுதி கிடையாது. வாடகைச் சீட்டு கிடையாது, ஏனென்றால் வாடகை என்று ஒன்று இல்லை. தனி முகவரி கிடையாது. இருந்ததற்கான ஒரே பதிவு தோட்டத்து ஆபீஸில், துரையின் கையில். தோட்டம் தோட்டமாக மாறினவர்களுக்குக் கதை இன்னும் கஷ்டம். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்து, 1964 வரைக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான்.

மற்றவர்கள் எங்கே வாழ வேண்டும் என்பதை இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். 1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். 1963 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் நாட்டின் சனத்தொகையில் 10.6 வீதம். 1981-ல் 5.5 வீதம்.

அப்பாயியோட தம்பி குடும்பம் அப்படிப் போன குடும்பம்தான். பதுளை ஸ்டேஷனில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு 'சிலோன்காரங்க' என்று பெயர். அங்கேயும் வீடு வேலையோடு ஒட்டினதுதான். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி பண்ணு என்கிற பயம் அங்கேயும் இருக்கிறது. கடலைத் தாண்டியும் அந்த முடிச்சு கூடவே போயிருக்கிறது.

தாங்களே தேடிப் போன இடம்

எழுபதுகளில்தான் எங்கள் ஆட்களில் ஒரு பகுதி, யாரும் கூட்டிப்போகாமல், தாங்களே இடம் தேடிப் புறப்பட்டார்கள். ஆனால் அதை விருப்பம் என்று சொல்ல மனசு வரவில்லை. 1972-லும் 1975-லும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது பல இடங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் துரத்தப்பட்டார்கள். 1973–74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது. 1977 வன்செயலில் லயங்கள் எரிந்தன. பஸ் ஏறி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியேற்ற உதவி செய்தது. காட்டைத் துப்புரவாக்கி, கிணறு தோண்டி, நூற்றைம்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தங்கள் கையால் ஒரு வீட்டுக்கு எந்தத் திசையில் வாசல் வைப்பது என்று தீர்மானித்தார்கள். அதற்குப் பிறகு அந்த நிலத்தின் மேல்தான் யுத்தம் நடந்தது.

1983 ஜூலையில் பதுளை நகரத்திலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அப்பாவுக்கு அப்போது எட்டு வயசு. டவுன் பக்கம் புகை தெரிந்ததும், எல்லாரும் தேயிலைக்குள் போய்ப் படுத்ததும் அவருக்கு நினைவிருக்கிறது. டவுனில் வீடு எடுக்கலாமா என்று பிறகு எப்போது பேச்சு வந்தாலும் அப்பா சம்மதிக்காததற்கு அந்தப் புகைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கொழும்பு

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கொழும்புக்கு இறங்கியது பெரிய அளவில் எண்பதுகளுக்குப் பிறகு. புறக்கோட்டைக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், வீட்டு வேலை. கவனித்துப் பாருங்கள், இந்த மூன்று வேலையிலும் தங்குமிடத்தை முதலாளிதான் தருவார். கடைப் பையன் கடை மேல்மாடியில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் படுப்பான். வீட்டு வேலைக்குப் போன பிள்ளை குசினிக்குப் பக்கத்து அறையில். லயத்தில் அக்கம்பக்கமாவது இருந்தது. அங்கே அதுவும் இல்லை. வேலை பிடிக்கவில்லை என்று ராத்திரியில் வெளியே வந்தால் போக இடம் கிடையாது. அதனால் நிறைய விஷயங்களை வாய் திறக்காமல் பொறுத்தார்கள். அப்பாயியோட கேள்விக்கு "ஆமா, குடுக்கும்" என்று பதில் வருகிற வேலைகள்தான் ஆபத்தான வேலைகளாக இருந்திருக்கின்றன.

1978-ல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. அங்கே கதை வேறு. வேலை ஒருவர் தருவார், அறையை இன்னொருவர் வாடகைக்குத் தருவார். ஆனால் வலயத்தைச் சுற்றி இருக்கிற போடிங்குகளைப் பார்த்தால் நம்ம ஆட்களுக்கு ஆச்சரியம் வராது. ஒரு நீட்டு வரிசை, பத்துப் பன்னிரண்டு கதவு, ஒரு பொதுக் குழாய், ஒரு பொதுக் கக்கூஸ். அங்கே வேலை செய்த சின்னம்மா முதல் நாள் போய்ப் பார்த்துவிட்டு, "லயத்துக்குத்தான் திரும்பி வந்திருக்கேன்னு நெனச்சேன்" என்று சொல்லுவாங்க.

யுத்த காலத்தில் கொழும்பில் அறை எடுப்பதற்கு வாடகை மட்டும் போதவில்லை. யார் தங்குகிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். எதற்கு வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி ஊர்களுக்கு அனுப்பினார்கள். கொழும்பில் இருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. அப்போது பிரதமராக இருந்த ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். வேலை தேடி வந்து லொட்ஜில் இருந்த ஒருத்தருக்கு 'வேலை தேடுவது' தகுந்த காரணம் ஆகவில்லை. அன்றைக்கு அறை எடுத்திருந்தவர்கள் இன்றைக்கும் கொழும்பில் எங்கே தங்குவது என்று கேட்டால் முதலில் "நம்ம ஆக்கள் இருக்கிற பக்கமா பாரு" என்றுதான் சொல்வார்கள். மாமா கொட்டாஞ்சேனை என்று சொன்னதற்கும் அதுதான் காரணம். அவர் பஸ் ரூட்டையோ வாடகையையோ யோசிக்கவில்லை. கதவைத் தட்டினால் பக்கத்தில் யார் வருவார்கள் என்று யோசித்தார்.

'ஏன் முன்னாலேயே போகல?'

இடம் மாறாமல் இருப்பதும் ஒரு தெரிவு மாதிரித்தான் வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியும். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதற்குப் பிறகு டிவியிலும் பேஸ்புக்கிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. அந்த இடம் ஆபத்து என்று 2005-லும் 2011-லும் எச்சரித்திருக்கிறார்களே, இவர்கள் ஏன் முன்னாலேயே போகவில்லை?

எங்கே போவது? காம்பரா அவர்களுடையது இல்லை. நிலம் அவர்களுடையது இல்லை. 1992-ல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது, நிலம் 53 வருஷக் குத்தகையில். அதில் ஒரு மூலையில் பாதுகாப்பான மேட்டைப் பார்த்து ஒரு தகரக் கொட்டிலை அடிக்கக்கூடத் தொழிலாளிக்கு அதிகாரம் இல்லை. வெளியே காணி வாங்க நாட்கூலியில் பணம் சேராது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனால் பேர் போகும். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தவர்களிடம் போவதற்கு ஒரு இடம் கொடுக்கும் அதிகாரம் இல்லை. அந்த மக்கள் புது வீடு கிடைக்கும் வரை கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மறுபடியும் மண் சரிந்தது. அன்றைக்கு ராத்திரி எங்க லயத்து ஆட்கள் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் படுத்திருந்தார்கள். நான் பேராதனையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய முழித்திருந்தேன். சிக்னல் இல்லை.

தனி வீட்டுத் திட்டங்கள் நடக்கத்தான் செய்கின்றன. கொஞ்சம் காணி, அதில் ஒரு வீடு. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தார். கட்டின வீடுகளைப் பார்த்திருக்கிறேன், நல்ல வீடுகள். ஆனால் வரிசை நீளம், வேகம் குறைவு. வீட்டுக்குள் போன பிறகும் உறுதிக்காகக் காத்திருக்கிற குடும்பங்கள் உண்டு.

அக்கா எங்கே போனாள்

அக்கா மூன்று இடங்களைப் பார்த்தாள். கொட்டாஞ்சேனையில் அறை மலிவு, கோயில் பக்கத்தில், ஆனால் ஆபீஸுக்கு இரண்டு பஸ். வெள்ளவத்தையில் கடற்காற்றும் தமிழ்க் கடைகளும் இருந்தன, அவளுடைய சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகும். ராஜகிரியவில் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டு அனெக்ஸ், ஆபீஸுக்கு நடந்து போகலாம். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஊர் எது?" அக்கா வழக்கம்போல "பதுளை டவுன்" என்று சொல்லத்தான் வாய் எடுத்தாளாம். இது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த பொய். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் நாங்கள் எல்லாரும் பிறந்த மாதிரி. அன்றைக்கு என்னவோ, தோட்டத்தின் பெயரையே சொல்லிவிட்டாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தியத்தலாவையில் தான் படிப்பித்த காலத்தில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள் என்று சொன்னாராம். அறை கிடைத்தது.

எல்லாருக்கும் இப்படிக் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. பேரைக் கேட்டதும் "அறை போயிருச்சு" என்று சொன்ன வீடுகளும் அக்காவின் பட்டியலில் இரண்டு இருந்தன.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த அறை இல்லை. அக்கா போய் ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, போகிற போக்கில் ஒரு விஷயம் சொன்னாங்க. எங்கள் வீட்டில் செக்ரோலில் இப்போது பேர் இருக்கிற ஒரே ஆள் அம்மாதான். அப்பா முதுகு வலியோடு நின்றுவிட்டார். அக்கா கொழும்பு. நான் படிப்பு. அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான். "நானும் நின்னுட்டா இந்தக் காம்பராவ என்னா சொல்லுவாங்களோ" என்றாங்க. பக்கத்து லயத்தில் இப்படி ஆள் இல்லாமல் போன வீட்டுக்கு ஆபீஸிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பேர் பதிய ஆள் இருக்கா, இல்லாட்டி யோசிங்க என்று.

அப்போதுதான் விளங்கியது. அக்கா எங்கே தங்குவது என்று நாங்கள் கலண்டர் தாளில் கணக்குப் போட்ட அன்றைக்கு, அதே கணக்கில் இன்னொரு வரியும் இருந்திருக்கிறது. அதை நாங்கள் எழுதவில்லை. படித்து வேலைக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையோடும் லயத்தில் ஒரு பேர் குறைகிறது. அப்பாயிக்கு அது தெரிந்திருக்கிறது.

காம்பராவுக்கு வாடகை இல்லை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லுவோம். யோசித்துப் பார்த்தால் வாடகை இருந்திருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பிள்ளையின் பேரைச் செக்ரோலில் எழுதிக் கட்டியிருக்கிறது. எங்கள் தலைமுறையில் அதைக் கட்ட ஆள் இல்லை, கட்டவும் கூடாது.

அதனால் வேலைக்கு வெளியூர் போற தம்பி தங்கச்சிகளுக்கு நான் சொல்வது இதுதான். எந்த ஏரியா, என்ன வாடகை, எத்தனை பஸ் என்று பாருங்கள். பார்க்கத்தான் வேணும். அதோடு வீட்டில் யார் பேரில் காம்பரா இருக்கிறது, காணிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்களா, பிரதேச செயலகத்தில் அந்த ஃபைல் எங்கே நிற்கிறது என்றும் கேளுங்கள். படித்த பிள்ளை கேட்டால் பதில் கொஞ்சம் சீக்கிரம் வரும். காணி உரிமை என்பது தோட்டத்திலேயே இருக்கப்போகிறவர்களின் பிரச்சினை, நமக்கு இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெளியே போகிறவர்களுக்குத்தான் அது இன்னும் அவசரம். திரும்பி வர ஒரு இடம் இல்லாதவன் வேலை பிடிக்கவில்லை என்றாலும் விட முடியாது. அது கொழும்புக் கம்பெனியாக இருந்தாலும் அதேதான்.

அம்மாவின் விண்ணப்பத்தை நானும் அக்காவும் சேர்ந்து இந்த லீவில் நிரப்பினோம். 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர் எழுதினோம். வீட்டு இலக்கம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அக்கா பேனாவை நிறுத்திவிட்டாள். எங்கள் காம்பராவுக்கு இலக்கம் இல்லை. "என்னா எழுதுறது?" என்று கேட்டாள்.

அப்பாயி இஸ்தோப்பிலிருந்து சொல்லிச்சு: "பணிய லயம், மேலயிருந்து நாலாவது கதவுன்னு எழுது. எல்லாத்துக்கும் தெரியும்."

அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.